இலைப்பாவாடை கட்டினால் ஆப்பிரிக்கா ஆகிவிடாது

போன சனிக்கிழமை எங்கள் முதலியார்பேட்டைத் தெருவிலேயே ஒரு வீட்டு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஆறேழு வாண்டுகள், ஒரு பாய், நடுவில் சார்ட் பேப்பர். "இன்னிக்கு ஆப்பிரிக்கா டே அக்கா!" என்றாள் அந்த வீட்டுப் பெண். மூலையில் இரண்டு பிள்ளைகள் மாவிலையை வரிசையாகச் சணலில் கோர்த்துக்கொண்டிருந்தார்கள். தோரணம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பாவாடை. எனக்குப் பகீரென்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் கட்டிவிட்ட அதே பாவாடை. நான் தென்னங்கீற்று, இவள் மாவிலை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் சமையலும் கைவேலையும் வைத்துப் பிள்ளைகளுக்கு நாடுகளைச் சொல்லித்தர ஆரம்பித்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தரிக்கோல் பத்திரம், அடுப்புப் பக்கம் விடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பட்ட பிறகு தெரிந்துகொண்டவை மட்டும் இங்கே.

ஒரே நாளில் ஐந்து நாடு

வேண்டாம். மிஞ்சுவது வயிற்றுவலிதான்.

கொடியில் ஆரம்பித்துக் கொடியிலேயே முடிப்பது

கொடிக்கு வண்ணம் அடிக்கச் சொன்னால் பிள்ளை அரை மணி நேரம் சத்தம் போடாமல் உட்காரும். நமக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான். என் பையன் ஒருநாள் மேலே சிவப்பு, கீழே வெள்ளை அடித்துக்கொண்டு வந்து "எந்த நாடு சொல்லு" என்றான். இந்தோனேசியா என்றேன். "இல்ல, மொனாக்கோ!" இரண்டும் ஒன்றுதான், நீள அகல விகிதம் மட்டும்தான் வேறு. தலைகீழாகப் பிடித்தால் போலந்து. இதில் பிள்ளை எந்த நாட்டைப் பற்றி என்ன தெரிந்துகொண்டது?

கொடிதான் வேண்டும் என்றால் நேபாளத்தை எடுங்கள். நான்கு மூலை இல்லாத ஒரே தேசியக்கொடி. அதை எப்படி வரைய வேண்டும், எந்தக் கோட்டை எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசியல் சாசனத்திலேயே படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்கேலும் பென்சிலுமாக ஒரு மாலை நேரம் நன்றாகப் போகும்.

ஆப்பிரிக்காவை ஒரு நாடாக்கி, அதற்கு வேஷம் கட்டுவது

இதைத்தான் நான் சொல்ல வந்தது.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. இடுப்பில் கீற்று, கையில் துடைப்பக்குச்சியில் செய்த ஈட்டி, முகத்தில் அடுப்புக்கரி. ஆமாம், கரி பூசினேன். ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து "இதுதான் ஆப்பிரிக்கா சாப்பாடு" என்றேன். போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். இருபது இதயம் விழுந்தது. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்கள் மாடிப் போர்ஷனுக்கு எத்தியோப்பியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் குடிவந்தார். மாடிப்படியில் அவரை மடக்கி என் மகள் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்: "அண்ணா, ஊர்ல நீங்க சட்டை போடுவீங்களா? உங்க வீட்டுல சிங்கம் இருக்கா?" நான் கூனிக்குறுகிப் போனேன். அவர் சிரித்தார். படியிலேயே உட்கார்ந்து செல்போனை எடுத்து அவர்கள் தலைநகரம் அடிஸ் அபாபாவைக் காட்டினார். அடுக்குமாடிகள், நடுவே 2015இல் ஓட ஆரம்பித்த நகர ரயில். "நம்ம பாண்டியில இது இல்லையேம்மா" என்று என்னைப் பார்த்தாள். ஊரே 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறதாம், ஊட்டி போலக் குளிருமாம். கீற்றுப்பாவாடை கட்டினால் விறைத்துப்போகும்.

பிறகு என் மகளுடைய நோட்டை வாங்கி அவள் பெயரைத் தன் நாட்டு எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அங்கேயும் ஒரு மெய்க்கு உயிர் சேரச் சேர வடிவம் மாறுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு வடிவம், ஒரு கால், ஒரு வளையம், ஒரு கொக்கி என்று. உயிர்மெய் வரிசையோடு அந்த வருஷம்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. "பன்னெண்டு இல்ல, ஏழுதான்!" என்று பொறாமைப்பட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்சிரா ஊற்றினோம். அங்கே தெஃப் என்ற பொடித் தானியத்தில் செய்வார்கள். இங்கே கிடைக்காததால் கேழ்வரகு மாவைக் கரைத்து இரண்டு நாள் புளிக்க வைத்தோம். நாம் தோசையை நடுவில் ஊற்றி வெளியே இழுப்போம். அவர் ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்தார். திருப்பிப் போடவில்லை. மூடி வைத்துத் திறந்தால் மேலெல்லாம் ஆப்பம் போலக் கண் கண்ணாக இருந்தது. பெரிய தட்டில் அதை விரித்து, நடுவே காரமான பருப்பை வைத்து, எல்லோரும் அதே தட்டில் பிய்த்துச் சாப்பிட்டோம். முதல் வாயை அவர் என் மகளுக்கு ஊட்டிவிட்டார். அதற்கு அவர்கள் ஊரில் குர்ஷா என்று பெயர்.

இத்தனைக்கும் கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மலைநாடுதான். ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும் கூழ் எங்கிருந்து வந்தது பாருங்கள். நம் ரசத்துப் புளி ஆப்பிரிக்க மரம். காபிச்செடி எத்தியோப்பியக் காட்டில் தானாக முளைப்பது. இவ்வளவையும் அடுப்படியில் வைத்துக்கொண்டு நான் கரியைத் தேடிப் போயிருக்கிறேன்.

ஒரே ஒரு மாலைநேர வேஷத்தைப் பிள்ளை மனதிலிருந்து கழற்ற எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மறுபடி மறுபடி "ஆப்பிரிக்கா நாட்டுல" என்றுதான் ஆரம்பிப்பாள். அங்கே 54 நாடு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திச் சொல்வேன். தமிழன் என்றாலே தலையில் தேங்காய் உடைத்துக்கொள்பவன் என்று எங்கோ ஓர் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தால் நமக்கு எரியுமா எரியாதா? இன்னும் மாறுவேடப் போட்டி மேடைகளில் கரி பூசிய முகங்களைப் பார்க்கும்போது எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அந்த மாடிவீட்டுப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. ஒரு நாட்டை எடு, அந்த நாட்டில் இன்றைக்கு ஓர் எட்டு வயதுப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகும் என்று கேள், அதைச் செய். வேஷம் எதற்கு? மாவிலையை வாசலில் கட்டிவிட்டார்கள்.

வசாபி

ஜப்பான்காரர்கள் மீனோடு தொட்டுக்கொள்ளும் பச்சைக் காரவிழுது. விலையைப் பார்த்தாவது திருந்துங்கள். பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

வாசலில் கிடக்கும் உலகத்தை விட்டுவிடுவது

பாண்டியில் இருந்துகொண்டு பிரான்சுக்கு ஈபிள் கோபுரம் ஒட்டவைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பேக்கரியில் பகெட் ரொட்டி வாங்குங்கள். 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ரொட்டி அது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள் இங்கே உண்டு. அந்த வீட்டுப் பாட்டிகள் பொரிக்கும் சாயோ ரோலைச் சாப்பிட்டால் வியட்நாம் தானாக வந்துவிடும்.

எனக்கு இது உறைத்தது பண்ருட்டிப் பக்கம் இருக்கும் ஆயாவால். வேர்க்கடலையை அவர் மல்லாட்டை என்பார், கடலூர்ப் பக்கம் எல்லோருமே அப்படித்தான். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை. மணிலா பிலிப்பைன்ஸ் தலைநகரம். ஆனால் கடலையின் தாய்வீடு தென் அமெரிக்கா. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு ஸ்பானியர்கள் 1565 முதல் 1815 வரை கப்பல் விட்டார்கள்.

இதைப் பையனுக்குக் காட்ட, சுவரில் உலக வரைபடத்தை ஒட்டி, கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டு போனோம். தென் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ வரை வந்த நூல், இடது ஓரத்தில் முட்டி நின்றுவிட்டது. மணிலா வலது ஓரத்தில் இருக்கிறது. "கப்பல் சுவத்துக்குள்ள போயிடுச்சா ஆயா?" என்றான். ஆயா எழுந்துவந்து வரைபடத்தைப் பிய்த்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் டேப் ஒட்டினேன். பசிபிக் கடல் ஒன்றாகச் சேர்ந்தது. நூல் அதைத் தாண்டி மணிலாவுக்குப் போய், அங்கிருந்து பண்ருட்டிக்கு வந்து சேர்வதற்குள் தட்டிலிருந்த அவித்த மல்லாட்டை காலி.