பூட்டிய மாடியறை: இளையோருக்கான கோதிக் திகில் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோரை இழந்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தன் தம்பியோடு கடலோரத்துப் பழைய வீட்டில் மாமா ஒருவரின் பொறுப்பில் வந்து சேர்கிறாள். அங்கே மாடியறை ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கிறது. பழைய வீடும் அதில் புதைந்த ரகசியமும் அச்சமூட்டும் கோதிக் வகைக் கதைகளுக்கே உரிய தொடக்கம் இது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இளையோருக்காக எழுதும் நண்பர்களின் கைப்பிரதிகளில் இந்தத் தொடக்கத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். நல்ல தொடக்கம்தான், ஆனால் முதல் அத்தியாயத்தில் விபத்தில் இறந்துபோகும் தாய் தந்தையரை அதன்பின் அந்தப் பெண் ஒருமுறைகூட நினைப்பதில்லை என்பதே நான் காணும் பெரிய தவறு. இரண்டாம் முறை சோறு கேட்கலாமா என்று தயங்குகிறவள், நள்ளிரவில் மாடியில் காலடிச் சத்தம் கேட்டால் யாரிடம் சொல்வாள்? சொன்னால் இந்த வீட்டையும் இழக்க நேரும் என்ற அச்சம் அவள் வாயை அடைக்கிறது. கதையின் திகில் அங்கேதான் பிறக்கிறது.

இந்த அச்சத்தை ஊன்றிக் காட்டாவிட்டால், ஆசிரியரிடம் ஏன் சொல்லவில்லை, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஏன் அழைக்கவில்லை என்று இளம் வாசகர் கேட்பார். செல்பேசியில் சிக்னல் இல்லை என்று சமாளிப்பது எனக்கு ஏற்புடையதில்லை. அவள் அழைக்கட்டும், எதிர்முனையில் குரல் கேட்டதும், தம்பியையும் தன்னையும் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சி இணைப்பைத் துண்டிக்கட்டும்.

வீட்டை வருணிப்பதில் வேறுவகைப் பிழைகள் நேர்கின்றன. கணப்பு அடுப்பும் உறைபனியும் நம் கடற்கரைக்கு உரியவை அல்ல. புதுச்சேரிக் கடற்கரைத் தெருவில் 1700-இல் கட்டிய மாளிகை என்று எழுதுபவர்கள், 1761-இல் ஆங்கிலேயர் அந்நகரைப் பிடித்து இடித்துத் தள்ளியதை மறந்துவிடுகிறார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்திருந்தார்கள். இடிந்த கட்டடத்தின் அடித்தளத்தின்மேல் எழுந்த வீடு என்று கற்பனை செய்தால், கதைக்குத் தேவையான நிலவறை வரலாற்றோடு பொருந்தியே கிடைத்துவிடும்.

ஐப்பசி அடைமழையில் சுண்ணாம்புச் சுவரில் உப்புப் பூத்து, விரல் பட்டால் மாவாக உதிரும். உப்புக்காற்றில் இரும்புக் கீல்கள் துருவேறும். சாவி தொலைந்து பத்தாண்டுகள் ஆயிற்று என்று மாமா சொன்ன அறையின் கீலில் புது எண்ணெய் பளபளப்பதை அவள் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அவர் எதிரில் அமர்ந்து உண்ணும் ஒவ்வொரு கவளமும் வாசகரைப் பதைக்க வைக்கும். அவள் பார்த்ததை வாசகரிடம் மறைத்து, கடைசி அத்தியாயத்தில் திடீரென்று வெளியிடுவது, அதுவும் ‘நான்’ என்று அவளே சொல்லும் கதையில், ஏமாற்று வேலையாகிவிடும்.

பூட்டிய அறைக்குள் மனநலம் குன்றியவர் ஒருவரை வைத்து, அவரையே கொடியவராக்கி முடிக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டும் மாணவியின் வீட்டிலேயே அப்படி ஒரு சித்தியோ அண்ணனோ இருக்கலாம்.