டீசல் காரின் இஜிஆர் குழாயில் கசிவா? பூட்டும் வரிசையைக் கவனியுங்கள்

எங்கள் காரின் இஜிஆர் குழாயை, அதாவது புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் குழாயை, நான் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. முதல் முறை போட்ட புதுக் குழாய் சில வாரங்களிலேயே விரிசல் விட்டது. குழாயில் குறையில்லை, நான் பூட்டிய வரிசைதான் தவறு. ஆகவே மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் நின்று பேசுகிறேன்.

கசிவைக் கண்டுபிடித்தல்

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்றோ 'புஸ் புஸ்' என்றோ சத்தம் வரும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் விரைவாகும். காற்றுத் துளைகள் வழியே காருக்குள் புகை நெடி அடிக்கும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது. அதற்கு மணம் கிடையாது. நெடி வந்தால் பழுதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தைச் சுற்றிக் கரி விசிறிபோலப் படிந்திருக்கும். ஐயம் இருந்தால், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய உடனே அங்கே சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். சற்றுத் தாமதித்தாலும் குழாய் சூடேறி நீர் ஆவியாகிவிடும். கையால் தொட்டுத் தேட வேண்டாம்.

கரி இணைப்பில் மட்டும் இருந்தால் கேஸ்கட்டை (இணைப்பின் நடுவே கசிவைத் தடுக்கும் தகட்டை) மாற்றினால் போதும். துருத்தி போன்ற மடிப்புப் பகுதியில் இருந்தால் குழாயையே மாற்றுங்கள். பசை பூசுவதையோ வெல்டிங் வைப்பதையோ நான் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டில் உலோகம் நீள்வதையும் என்ஜினின் அதிர்வையும் தாங்கத்தான் அந்த மடிப்புகள் இருக்கின்றன. ஒரு மடிப்பை இறுக்கி ஒட்டினால், அதன் அசைவையும் பக்கத்து மடிப்பு சுமக்க வேண்டிவரும். அடுத்த விரிசல் அங்கே விழும்.

கழற்றுதல்

முந்தின நாள் மாலை போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள், என்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில், பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு முனை சாக்கெட்டையே எடுங்கள். துருப்பிடித்த தலை வழுக்காது. அசையாத போல்ட்டை முதலில் மிகச் சிறிதளவு இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்துங்கள். அப்போதும் மறுத்தால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மானிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் பகுதிக்குள்) உடைந்த போல்ட்டை எடுப்பது இதைவிடப் பல மடங்கு பெரிய வேலை.

பழைய கேஸ்கட்டின் எச்சத்தை முழுவதும் சுரண்டுங்கள். அலுமினியப் பரப்பு என்றால் பிளாஸ்டிக் சுரண்டியே போதும்; இரும்பு கீறிவிடும். கரித்துண்டு உள்ளே விழாதபடி, குழாய் பொருந்தும் துளையின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க வேண்டும்!

பூட்டுதல்: நான் தவறிய இடம்

முதல் முறை கீழ் முனையை முழுதாக இறுக்கினேன். பிறகு மேல் முனையின் துளைகள் நேராக வரவில்லை. குழாயைக் கையால் வளைத்து, துளைகளை நேருக்குக் கொண்டுவந்து பூட்டிவிட்டேன். வண்டி ஓடியது, சத்தமும் நின்றது. ஆனால் முறுக்கிய துருத்திக்கு அசைய இடமே இல்லை. சூடேறிக் குளிர்வது திரும்பத் திரும்ப நடந்ததில் உலோகம் களைத்து, மடிப்பின் ஓரத்தில் பிளந்தது.

சரியான வரிசை இதுதான். இரு முனைகளிலும் புதுக் கேஸ்கட் வைத்து, எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் சுற்றுங்கள். நடுவே தாங்கும் பிராக்கெட் இருந்தால் அதன் போல்ட்டையும் அப்படியே தளர்வாக மாட்டுங்கள். இப்போது குழாயை மெல்ல ஆட்டிப் பாருங்கள். இழுப்பு இல்லாமல் தானாக உட்கார வேண்டும். ஒரு போல்ட் விரலுக்கு வரவில்லை என்றால் எங்கோ இழுக்கிறது என்று பொருள். ஸ்பானரால் அதை வற்புறுத்தாதீர்கள். எல்லாம் பொருந்திய பிறகு, இரு முனைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிராக்கெட் கடைசியில்தான். இறுதி இறுக்கத்துக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். உங்கள் காரின் சேவைக் கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள்.

பேட்டரியை இணைத்து, என்ஜினைத் திறந்தவெளியில் கிளப்பி, மீண்டும் சோப்புத் தண்ணீர் சோதனை செய்யுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தால் ஸ்கேனரால் பிழைக்குறியை அழியுங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துக் குழாயை மாற்றிய ஒருவருக்கு மீண்டும் விரிசல் வந்தது. பிராக்கெட் கைக்கு எட்டாததால் அதை மாட்டாமலே விட்டிருக்கிறார். தாங்கல் இல்லாத குழாயில் அதிர்வு முழுவதும் துருத்தியின் மேல் விழும். எத்தனை கடினமானாலும் அதை மாட்டிவிடுங்கள்.

குழாயைத் தகடு வைத்து அடைத்துவிடலாமா என்று வேறு சிலர் கேட்டார்கள். வேண்டாம். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பி எரிதலின் வெப்பத்தைக் குறைப்பதால்தான் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. அடைத்தால் அந்த நச்சு தெருவுக்குப் போகும். ஓட்டம் போதவில்லை என்பதைக் குறிக்கும் பி0401 பிழையும் பல கார்களில் விளக்கோடு வந்து நிற்கும்.