பீக்கரில் மிதந்தால் போதாது: இரைப்பையில் தங்கும் மாத்திரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.ஃபார்ம் (மருந்தாக்கியல் முதுநிலை) ஆய்வுக்கு, இரைப்பைத் திரவத்தின் மேல் மிதந்தபடி மருந்தை மெல்ல வெளிவிடும் மிதக்கும் மாத்திரையைக் கையில் எடுப்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். எடை பிசகுவதும் மாத்திரை உடைவதும் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெறும் வயிற்றை மறப்பது

அண்மையில் ஒரு மாணவி தன் பீக்கரைக் காட்டினார். 37 டிகிரி வெப்பத்தில், இரைப்பை அமிலத்துக்கு ஈடாக வைக்கும் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்ட மாத்திரை சிறிது நேரத்தில் மேலெழுந்தது. ஓரமெல்லாம் நுண்குமிழ்கள்; மேலே வழவழப்பான கூழ்ப் படலம். மறுநாள் காலையிலும் மூழ்கவில்லை. "அப்படியென்றால் 12 மணி நேரம் வயிற்றில் தங்கும், இல்லையா சார்?"

தங்காது. மாத்திரையிலிருந்து மருந்து எவ்வளவு வேகமாகக் கரைந்து வருகிறது என்று பார்க்கும் கரைதல் சோதனையில் 900 மில்லி திரவம் வைக்கிறோம். வெறும் வயிற்றிலோ பெரும்பாலும் 50 மில்லிகூட இராது. மாத்திரையோடு குடிக்கும் தண்ணீரும் விரைவில் இறங்கிவிடும். பிறகு மாத்திரை எதில் மிதக்கும்? அதோடு, உணவில்லாத வேளையில் சுமார் 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை இரைப்பையில் வலுவான சுருக்க அலை எழுகிறது. துடைப்பம்போல மிச்சம் மீதியை எல்லாம் சிறுகுடலுக்குத் தள்ளிவிடும் அந்த அலை, மாத்திரையையும் சேர்த்தே தள்ளும். சாப்பிட்டால்தான் அது அடங்கும். வயிற்றில் உப்பித் தங்கும், கேபபென்டின் என்னும் நரம்பு வலி மருந்து கொண்ட மாத்திரையான 'கிராலைஸ்' இரவு உணவுடன் தரப்படுவது இதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு, தன்னார்வலர்களுக்கு வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்தது. இரத்தத்தில் மருந்தளவு ஏறவில்லை என்றதும், நீரில் கூழாக உப்பும் பாலிமரான ஹெச்பிஎம்சியின் தரத்தை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் மாத்திரை அடித்தார்கள். செலவான பணத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பாலிமரில் குற்றமே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை கொடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மருந்தைப் பார்க்காமல் வடிவத்தைத் தேர்வது

மெட்ஃபார்மின், லெவோடோபா போலச் சிறுகுடலின் மேற்பகுதியில் முக்கியமாக உறிஞ்சப்படும் மருந்துகளுக்கு இந்த வடிவம் பொருந்தும். இரைப்பையைப் புண்ணாக்கும் வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கை அங்கேயே மணிக்கணக்கில் நிறுத்திவைப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. ஆய்வுத் தலைப்பு புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் செய்யாதீர்கள்.

அளவுக்கு மீறிய அழுத்தம்

மாத்திரை அடிக்கும்போது அழுத்தம் கூடினால், அதன் நுண்துளைகள் அடைபட்டு, நீர் உள்ளே புகத் தாமதமாகி, மாத்திரை அடியிலேயே கிடக்கும்.

ஈரம்

சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் உள்ள கலவையைத் தண்ணீர் ஊற்றிப் பிசையாதீர்கள்; மாத்திரையை மிதக்கவைக்க வேண்டிய வாயு அப்போதே வெளியேறிவிடும்.