விடியலில் ஒழுகும் வேன்: கசிவைத் தேடும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவில், கேமரன் மலையின் தானா ராத்தாவில் காலை ஆறரை மணி, இன்னும் இருட்டு. முந்தைய நாள் சிங்கப்பூரிலிருந்து ஓட்டிவந்த மச்சானின் பழைய கேம்பர் வேனுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஈரம். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டதும் சொட்டுவது நின்றது. “சரியாகிவிட்டது” என்றார் மச்சான். சிங்கப்பூர் எல்லையான உட்லண்ட்ஸைத் தாண்டும்முன் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தவர், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிப் பட்டறைக்குப் போனால், “ஒழுகலே இல்லையே” என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டி ஓடிச் சூடேறித்தானே அங்கே போய்ச் சேர்கிறது? குளிரில் திறக்கும் கசிவைச் சூடான எஞ்சினில் தேடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. கூலன்ட் ஓடும் ரப்பர் ஹோஸும் அது மாட்டியிருக்கும் அலுமினியக் கழுத்தும் குளிரில் சுருங்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. பல ஆண்டுகள் வெந்து இறுகிய ரப்பரால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது. எஞ்சின் 80, 90 டிகிரியைத் தொட்டதும் எல்லாம் விரிந்து வாயை மூடிக்கொள்ளும்; மிச்ச ஈரமும் காய்ந்துவிடும். சிங்கப்பூரில் இரவிலும் 25 டிகிரி, மலையிலோ 16, 17. புது ஹோஸ் இதைப் பொருட்படுத்தாது. கிழட்டு ஹோஸுக்கு இதுவே போதும்.

ஆகவே, இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவியைத் தொடும்முன் தேடுங்கள். ஒரு டார்ச், சில வெள்ளை டிஷ்யூ போதும். மச்சானின் வேனில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில். இருக்கையைத் தூக்கி ஒவ்வோர் இணைப்பாக ஒற்றிக்கொண்டே போனோம். கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஒட்டிய ஹோஸின் அடிப்பக்கம் வந்தபோது டிஷ்யூவின் ஓரம் பச்சையானது. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பைச் சுற்றி, கிணற்றுச் சுவரில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொருக்கு. பட்டறையில்தான் பார்க்கவேண்டும் என்றால் முதல் நாளே வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவைக் கண்டதும் திருகாணி கிளிப்பை மூச்சுப் பிடித்து முறுக்குகிறோம். இறுகிய ரப்பரைக் கிளிப் அறுத்துவிடும். பல வண்டிகளில் தொழிற்சாலை போட்டது ஸ்பிரிங் கிளிப். ஹோஸ் சுருங்கினால் தானும் சுருங்கிப் பிடிக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் திருகாணி கிளிப் மாட்டிய வண்டிகளில்தான் விடியற்காலை ஒழுகல் அதிகம் என்பது என் அனுபவம். மச்சானின் வேனும் அந்த வகைதான்.

“இங்கே பனியா பெய்கிறது, குழாய்த் தண்ணீர் போதாதா?” என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. கூலன்ட்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமல்ல. துருவையும் அரிப்பையும் தடுப்பதும் அதுதான். வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சினின் அலுமினியக் கழுத்து குழிகுழியாக அரித்திருந்தால், புது ஹோஸ்கூடச் சரியாக உட்காராது.

வண்டிக்கு அடியில் சொட்டும் ஏசி தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவது நம் ஊர்த் தவறு. அது நிறமும் மணமும் இல்லாதது. கூலன்ட் விரலில் வழவழக்கும், இனிப்பு வாடை அடிக்கும்; நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். மலைக் குளிரில் புகைபோக்கியிலிருந்து வரும் வெள்ளை ஆவியும் பலரைக் கலக்கிவிடுகிறது. எஞ்சின் சூடேறியதும் அது மறைந்தால் வெறும் நீராவி. சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால், அல்லது எஞ்சின் ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறியிருந்தால், அப்போது எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றுவது பற்றிக் கேட்கவே வேண்டாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது சேர்த்தே அடைத்துவிடக்கூடும்.

எங்கும் ஈரமில்லை, அளவு மட்டும் குறைகிறது என்றால் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான். ஆறும்போது துணைக் கலனிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடுவது அந்த மூடியில் உள்ள சிறு வால்வு. அது ஒட்டிக்கொண்டால் கூலன்ட் திரும்பாது; கலனுக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தால் கூலன்ட்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும்.