வீடியோ சான்றுக்கு பிளாக்செயின் முத்திரை: முதல்முறை செய்பவர்களுக்கு

வீடியோவை நீதிமன்றத்தில் கொடுத்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது, "இது எடுத்தபடியே இருக்கிறதா, நடுவில் கை வைத்தீர்களா?" என்பதுதான். அதற்கான பதிலை வீடியோ எடுத்த அன்றே தயார் செய்துவிட வேண்டும். வீடியோவை பிளாக்செயினில், அதாவது பல கம்ப்யூட்டர்களில் நகலாக இருக்கும் பொதுப் பதிவேட்டில், ஏற்றாதீர்கள். அங்கே போனதை அழிக்க முடியாது, ஊரே பார்க்கும். கோப்பிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற ஹாஷ் மட்டும் போதும்.

1. போனிலிருந்து யூஎஸ்பி கேபிள் வழியாக நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். வந்து சேர்வது வேறு கோப்பு. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். போனில் உள்ள மூலத்தை அழிக்காதீர்கள்.

2. கம்ப்யூட்டரில் செவன்-ஜிப் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) இருந்தால், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்ஹெச்ஏ, அதில் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் முறையைத் தேர்ந்தெடுங்கள். எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் வரும். அதுதான் ஹாஷ். கோப்பின் பெயரை மாற்றினால் இது மாறாது. அரை நொடியை வெட்டிச் சேமித்தாலும் அடியோடு மாறிவிடும்.

3. ஹாஷுக்கு நேர முத்திரை இடும் ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் தளத்தில் கோப்பை இழுத்துப் போடுங்கள். ஹாஷை உங்கள் பிரவுசரே கணக்கிடும். வீடியோ வெளியே போகாது. உடனே ஓடிஎஸ் என்ற சிறு ரசீதுக் கோப்பு இறங்கும். பலருடைய ஹாஷ்களை ஒன்றாகக் கோத்து பிட்காயினின் பிளாக்செயினில் ஒரே பரிவர்த்தனையாகப் பதிவதால் கட்டணம் இல்லை. பிளாக்கில் (பிளாக்செயினின் ஒரு பக்கம் போன்றது) ஏறச் சில மணி நேரம் ஆகும் என்பதால், மறுநாள் ரசீதையும் வீடியோவையும் மறுபடி போட்டுச் சரிபாருங்கள்.

இந்த முத்திரை சொல்வது ஒன்றுதான்: இந்தக் கோப்பு இந்த நேரத்துக்கு முன்பே இருந்தது. யார் எடுத்தார், காட்சி உண்மையா என்பதைச் சொல்லாது. பிளாக்கின் நேரமும் ஓரிரு மணி பிசகலாம். நிமிடக் கணக்கு வாதத்துக்கு நம்பாதீர்கள்.

4. சீனாவின் ஹாங்சோ இணைய நீதிமன்றம் 2018 ஜூனிலேயே பிளாக்செயின் சான்றை ஏற்றது. இந்தியாவில் அது மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63(4)-இன்படி சான்றிதழ் வேண்டும். 'அ' பகுதியைத் தாக்கல் செய்பவரும் 'ஆ' பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பும், எந்த முறையில் (எஸ்ஹெச்ஏ-256) அந்த ஹாஷை எடுத்தது என்பதும் கேட்கப்படுகிறது. 2-ஆம் படியில் எடுத்த 64 குறிகள் இங்கேதான் போகும். கையால் பார்த்து எழுதாமல் காப்பி செய்து ஒட்டுங்கள். ஒரு குறி தவறினாலும் ரசீதோடு பொருந்தாது.

வீடியோவும் ரசீதும் சேர்ந்தே இருக்கும்படி இரண்டு பென் டிரைவில் வையுங்கள். தாக்கலுக்கு முன், கொடுக்கப்போகும் நகலின் ஹாஷை இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுங்கள்.