டிபன் கேரியரும் மஞ்சள் தொப்பியும்: பழைய சாமானில் ஒரு சிற்பம்

சாமானுக்கு அலைய வேண்டாம். சிங்கப்பூரில் பழைய சாமான் விற்ற சுங்கை ரோடு சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள் என்றாலும் வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர்கள் இருக்கிறார்கள், வீட்டு பாம் ஷெல்டரை (சாமான் அடைத்து வைக்கும் பதுங்கு அறையை) குடைந்தாலே பாதி கிடைத்துவிடும்.

முதலில் ஒரே இடத்தில் சேராத இரண்டு பொருளை எடுங்கள். நான் எடுத்தது, கல்யாணச் சீராக வந்த, பேர் வெட்டிய எவர்சில்வர் டிபன் கேரியர். கட்டுமானத் தளத்து மஞ்சள் தொப்பி. இரண்டுமே தமிழருடையவைதான், ஆனால் கேரியர்காரர் சாம்பாரும் பொரியலும் அடுக்கடுக்காக வேலைக்கு எடுத்துப்போகிறார், தொப்பிக்காரர் விடியலுக்கு முன் சமைத்துக் கட்டிய பொட்டலத்தை மத்தியானம் பிரிக்கிறார். அதனால் கேரியரின் மேல் அடுக்கில் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பை, மூடிக்குப் பதில் தொப்பி. அவ்வளவுதான் யோசனை.

பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இந்தியச் சிற்பி சுபோத் குப்தா எவர்சில்வர் பாத்திரங்களைக் குவித்துப் பிரம்மாண்டமாகச் செய்கிறார், அங்கே பளபளப்பு வேண்டும். நமக்கு அந்தப் புள்ளி புள்ளியான பேரும் கீறலும்தான் முக்கியம்.

அடுத்து ஓட்டை போடுவது. இங்கேதான் எல்லாரும் மாட்டுவார்கள். ட்ரில்லை வேகமாக ஓட்டினால் எவர்சில்வர் சூடேறி, அந்த இடம் மட்டும் இறுகிவிடும், அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. சென்டர் பஞ்சால் (கூர்முனைக் கம்பியால்) ஒரு குழி தட்டி, உள்ளே மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் நன்றாக அழுத்துங்கள். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரி. தூளாக வந்து உலோகம் பழுப்பேறினால் உடனே நிறுத்துங்கள். பிட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: எம்35 என்ற கோபால்ட் கலந்த எஃகு பிட், முதலில் 3 மி.மீ., பிறகு 5.

தொப்பியின் உட்புறம் எச்டிபிஇ (HDPE, பசை ஒட்டாத பிளாஸ்டிக்) என்று அச்சிட்டிருந்தால் பசையை மறந்துவிடுங்கள், இரண்டு பொருளைக் கலந்து பூசும் எபாக்ஸிகூட உரிந்து வந்துவிடும். போல்ட்டும் அகலமான வாஷரும்தான். ஏபிஎஸ் (ABS) பிளாஸ்டிக் என்றால் 80 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து எபாக்ஸி போடலாம், எனக்கென்னவோ அப்போதும் போல்ட்தான் பிடிக்கும்.

பின்சேர்க்கை: நட்டைச் சுற்றித் துரு வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். நம் ஊர் ஈரத்தில் இரும்பு நட்டும் எவர்சில்வரும் சேர்ந்தால் இரும்புதான் அரிக்கும்; நட்டையும் எவர்சில்வரிலேயே வாங்குங்கள். செய்ததை வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) தாழ்வாரத்தில் வைப்பதாக இருந்தால் நடைபாதையில் 1.2 மீட்டர் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும்.