இடித்த சாய்ப்புக்கும் வரி: நோட்டீஸைத் திருத்திய கதை

2022-இல் தமிழ்நாட்டில் சொத்து வரி சீராய்வு வந்தபோது, அம்மா வீட்டுக்கும் அறிவிப்பு வந்தது. எங்கள் ஊர் நகராட்சி. 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வு. எங்கள் வீடு 50-இல் வர வேண்டியது, 75 போட்டிருந்தார்கள்.

அம்மா கட்டிவிடலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அறிவிப்பில் பரப்பு 1240 என்று இருந்தது. நானும் தம்பியும் டேப் பிடித்து அளந்தோம்: 1080தான். மீதி 160 எங்கே? கொல்லைப்புறத்து ஓட்டுச் சாய்ப்பு! அப்பா இருக்கும்போதே அதை இடித்தாயிற்று. துளசிமாடத்துக்குப் பின்னால் அதன் சிமெண்டுத் தரை மட்டும் இன்னும் கிடக்கிறது. பதிவேட்டில் மட்டும் சாய்ப்பு நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

வாயால் சொன்னால் நடக்காது. வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, ஆணையருக்கு ஒரு மனு எழுதினேன். பழைய ரசீது, வரைபட நகல், கொல்லைப்புறப் போட்டோ எல்லாம் சேர்த்து, அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன். அந்தச் சீட்டை விடவே கூடாது. இரண்டாம் முறை போனபோது மனுவையே காணோம் என்றார்கள்; அதைக் காட்டித்தான் தேட வைத்தேன்.

அப்புறம் பில் கலெக்டர் நேரில் வந்து அளந்தார். திருத்திய அறிவிப்பில் 1080 என்று இருந்தது. அம்மா அதைப் பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்.